நீளமான கோஆக்சியல் லைனில் சிக்னல் இழப்பை ஈடுகட்டுவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஃபைபர் தெருமுனை வரை வந்துவிட்டாலும், நோடிலிருந்து (ஃபைபரில் வரும் ஒளியை மின் சிக்னலாக்கும் பெட்டி) வீட்டு டிவி வரை பல ஊர்களில் இன்னும் கோஆக்சியல் கேபிள்தான் ஓடுகிறது. புகார்களில் பெரும்பாலானவை அந்தக் கடைசி சில நூறு மீட்டரில்தான் பிறக்கின்றன. லைன் பார்க்கிறவர்களும், புதிதாக நெட்வொர்க் எடுத்து நடத்துகிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். சிக்னல் அளவு என்று சொல்லும் இடத்தில் டிபி மைக்ரோவோல்ட், அதாவது ஒரு மைக்ரோவோல்ட்டைவிட எத்தனை டிபி மேலே என்பது. இழப்பு, கெயின் (ஆம்ப்ளிஃபையர் தூக்கிக் கொடுக்கும் அளவு) என்று சொல்லும் இடத்தில் வெறும் டிபி. கேபிள் இழப்புக் கணக்குகள் நல்ல தரமான கேபிளுக்கு உரியவை, சற்று முழுமையாக்கப்பட்டவை. உங்கள் கேபிளின் சரியான எண் அதன் டேட்டா ஷீட்டில் இருக்கும்.

கேபிளுக்குள் சிக்னல் ஏன் குறைகிறது?

மூன்று காரணங்கள். முதலாவதும் பெரியதும் செம்பின் மின்தடை. அதிர்வெண் கூடக் கூட மின்னோட்டம் கம்பியின் உட்புறத்தை விட்டு மேல்தோலுக்கு ஒதுங்கிவிடும். 55 மெகாஹெர்ட்ஸில் அது சுமார் 9 மைக்ரான் ஆழம் வரைதான் இறங்கும். 862 மெகாஹெர்ட்ஸில் 2 மைக்ரானைச் சற்றே தாண்டும், அவ்வளவுதான். கம்பி எவ்வளவு தடிமனாக இருந்தாலும் ஓட்டத்துக்குக் கிடைப்பது அந்த மெல்லிய தோல் மட்டுமே. அதனால் இந்த இழப்பு அதிர்வெண்ணின் வர்க்கமூலத்துக்கு ஏற்பக் கூடுகிறது: அதிர்வெண் நான்கு மடங்கானால் டிபி கணக்கில் இழப்பு இரண்டு மடங்கு.

இரண்டாவது, நடுக்கம்பியைச் சுற்றியுள்ள வெள்ளை ஃபோம். அது உறிஞ்சுவது குறைவு, ஆனால் அதிர்வெண்ணுக்கு நேர் விகிதத்தில் கூடும். மூன்றாவது கசிவு. ஃபோமின் மேல் சுற்றியுள்ள கம்பிப் பின்னலின் அடர்த்தி குறைந்த மலிவு கேபிளில் சிக்னல் வெளியே கசிகிறது. அதைவிட மோசம், வெளியில் இருப்பது உள்ளே வருகிறது.

100 மீட்டருக்கு எவ்வளவு போகும்?

ஆர்ஜி-6 கேபிளில் 55 மெகாஹெர்ட்ஸில் 5 டிபியைச் சற்றுத் தாண்டும், 211-ல் 10, 862-ல் 20. ஆர்ஜி-11 கேபிளில் இதே இடங்களில் சுமார் 3, 6, 13. அரை அங்குல ஹார்ட்லைனில் (குழாய் போன்ற கெட்டி உலோக உறை உள்ள கேபிள்) 55-ல் 2-க்கும் குறைவு, 862-ல் 8-க்குள் அடங்கும். பழைய ஆர்ஜி-59 என்றால் 862-ல் 24, 25 வரை போய்விடும். அதை டிவி லைனில் இனி யாரும் புதிதாக இழுக்கக் கூடாது.

டிபி பழக்கமில்லாதவர்களுக்கு: 3 டிபி போனால் சக்தி பாதி, 10 டிபி போனால் பத்தில் ஒன்று, 20 டிபி போனால் நூறில் ஒன்று. ஆக 100 மீட்டர் ஆர்ஜி-6 இழுத்தாலே, மேல் சேனலின் சக்தியில் நூறில் ஒரு பங்குதான் மறுமுனைக்குப் போய்ச் சேருகிறது.

ஒரே லைன், ஒரே டிவி. சில சேனல் பளிச்சென்று வருகிறது, சில சேனல் கட்டம் கட்டமாக உடைகிறது. ஏன்?

மேலே சொன்ன எண்களிலேயே விடை இருக்கிறது. கீழ் அதிர்வெண்ணில் வரும் சேனல்கள் நீளத்தைப் பெரிதாகப் பொருட்படுத்துவதில்லை. மேல் அதிர்வெண்ணில் வருபவை சீக்கிரம் தேய்ந்துவிடுகின்றன. லைனின் கடைசியில் மீட்டரைச் செருகினால் இடப்பக்கம் உயர்ந்தும் வலப்பக்கம் சரிந்தும் தெரியும். இதைத்தான் டில்ட் என்கிறோம். நீண்ட லைனில் ஈடுகட்ட வேண்டியது மொத்தக் குறைவை மட்டுமல்ல, இந்தச் சரிவையும்தான். சரிவைக் கவனிக்காமல் ஆம்ப்ளிஃபையரை மட்டும் மாட்டினால் ஏற்கெனவே தேவைக்கு மேல் இருக்கும் கீழ்ச் சேனல்களும் சேர்ந்து ஏறும். அவற்றோடு ஒப்பிட்டால் மேல் சேனல்களின் பற்றாக்குறை அப்படியே நிற்கும்.

உடையும் சேனல்கள் எல்லாம் ஒரே பக்கத்தில், அதாவது பட்டையின் மேல் முனையில் இருந்தால் இதுதான் காரணம். நடுவில் ஓரிரு சேனல் மட்டும் உடைந்தால் வேறு காரணம். கீழே மழை, டெர்மினேட்டர் பற்றிய பதில்களைப் பாருங்கள்.

ஈக்வலைசர் என்ன செய்கிறது?

கேபிள் செய்ததற்கு நேர் எதிராகச் செய்கிறது. மேல் அதிர்வெண்ணை ஏறக்குறைய அப்படியே விட்டுவிட்டு, கீழ் அதிர்வெண்ணை வேண்டிய அளவு குறைக்கிறது. ஈக்வலைசர் எதையும் கூட்டுவதில்லை என்பதை மனதில் வையுங்கள். வலுவாக வந்தவற்றை, நலிந்து வந்தவற்றின் உயரத்துக்குக் கொண்டுவந்து நிறுத்துகிறது. அப்புறம் ஆம்ப்ளிஃபையர் எல்லாவற்றையும் சேர்த்துத் தூக்குகிறது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். நோடிலிருந்து 862-ல் 102, 55-ல் 94 என்று வெளிவருகிறது. மேல் முனையை 8 டிபி கூட வைத்தே அனுப்புகிறோம். வழியில் அதிகம் இழக்கப்போவது அதுதான் என்று தெரிந்தே செய்வது. 200 மீட்டர் ஆர்ஜி-11 கடந்தால் 862-ல் 26 டிபி போகும், மிச்சம் 76. 55-ல் 6 டிபி போகும், மிச்சம் 88. புறப்பட்டபோது மேல் முனை 8 டிபி உயரம். வந்து சேரும்போது அதுவே 12 டிபி பள்ளம்.

இப்போது 12 டிபி ஈக்வலைசர் போடுகிறோம். அதற்கும் ஒரு டிபி அளவுக்குச் சொந்த இழப்பு உண்டு. ஆக 862-ல் 75, 55-லும் 75. ஆம்ப்ளிஃபையர் 27 டிபி கெயின் கொடுத்து, அதன் உள்ளே இருக்கும் டில்ட் 8-ல் வைக்கப்பட்டால், வெளியே வருவது 102-ம் 94-ம். நோடில் புறப்பட்ட அதே அளவு. அடுத்த 200 மீட்டருக்கு இதையே திரும்பச் செய்யலாம். இழந்த அளவுக்குத் திருப்பிக் கொடுப்பது, ஒவ்வொரு கட்டத்திலும் தொடக்க நிலைக்கே வந்து நிற்பது: நல்ல லைன் டிசைன் முழுவதும் இதுதான். நடுவில் டேப் (லைனிலிருந்து வீடுகளுக்குச் சிக்னலைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) இருந்தால் அதன் த்ரூ இழப்பையும், அதாவது அதைக் கடந்து நேரே போகும் சிக்னல் இழப்பதையும், கணக்கில் சேர்க்க வேண்டும். அதை மறந்த லைன்களில்தான் கடைசி ஆம்ப்ளிஃபையர் பட்டினி கிடக்கும்.

நாலு ஆம்ப்ளிஃபையர் எதற்கு? கடைசியில் பெரிதாக ஒன்று வைத்தால் போதாதா?

இந்தக் கேள்விக்குத்தான் நான் அதிகம் எழுத விரும்புகிறேன். பணத்தை மிச்சம் பிடிக்க நினைத்து ஊர் ஊராக லைன் கெட்டுப்போயிருப்பது இங்கேதான்.

எந்த மின்சுற்றிலும் வெப்பத்தால் ஒரு அடிமட்ட இரைச்சல் இருக்கிறது. 75 ஓம் லைனில், 8 மெகாஹெர்ட்ஸ் அகலச் சேனலுக்கு அது சுமார் 4 டிபி மைக்ரோவோல்ட். அதைத் தவிர்க்கவே முடியாது, இயற்பியல் விதித்தது. ஆம்ப்ளிஃபையர் தன் பங்குக்கு இன்னும் கொஞ்சம் இரைச்சல் சேர்க்கிறது. அதன் நாய்ஸ் ஃபிகர் 8 டிபி என்று வைத்துக்கொள்வோம். உள்ளே நுழையும் சிக்னலிலிருந்து இந்த 4-ஐயும் 8-ஐயும் கழித்தால் மிஞ்சுவதுதான் சிக்னலுக்கும் இரைச்சலுக்கும் உள்ள இடைவெளி.

முன் கணக்கில் ஆம்ப்ளிஃபையருக்கு 75 வந்தது. 75-ல் 12 போக 63. அற்புதமான இடைவெளி. 400 மீட்டரை இப்படி இரண்டு ஆம்ப்ளிஃபையரால் கடந்தால், இரண்டின் இரைச்சலும் சேர்ந்து 3 டிபி குறையும்: 60.

இப்போது நடுவில் எதையும் வைக்காமல் 400 மீட்டர் இழுத்துவிட்டுக் கடைசியில் வைப்போம். 102-ல் 52 போய்விட்டது, மிச்சம் 50. ஈக்வலைசர் ஒன்றை எடுத்துக்கொள்ள 49. அதில் 12 போக 37. கேபிள் அதே, தூரம் அதே, கடைசியில் வெளிவரும் அளவும் அதே 102 என்றே வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இங்கே 37, அங்கே 60. அதற்கு 50 டிபிக்கு மேல் கெயினும் 30 டிபிக்கு மேல் ஈக்வலைசேஷனும் ஒரே இடத்தில் வேண்டும். அப்படி ஒரு பெட்டி கடையில் கிடைக்காது என்பது தனிக் கதை.

நல்ல நோடிலிருந்து 38, 40 எம்இஆர் (டிஜிட்டல் சிக்னல் எவ்வளவு சுத்தம் என்று காட்டும் டிபி எண்) கிடைக்கும். 40 உள்ள சிக்னலோடு 60 இடைவெளி உள்ள லைனைச் சேர்த்தால் 40 அப்படியே இருக்கும், குறைவு கண்ணுக்குத் தெரியாது. 37 உள்ள லைனைச் சேர்த்தால் 35-க்கு இறங்கிவிடும். இன்னும் ஒரு நீண்ட கிளை போட்டால் 256 குவாம் (ஒரே சேனலில் அதிகத் தகவலை அடைக்கும், 64 குவாமைவிடச் சுத்தமான சிக்னல் கேட்கும் முறை) தாங்காது.

இரைச்சலில் கலந்துவிட்ட சிக்னலைப் பிறகு எத்தனை ஆம்ப்ளிஃபையர் வைத்தும் பிரித்தெடுக்க முடியாது. பெருக்கினால் இரண்டும் சேர்ந்தே பெருகும். ஆகவே சிக்னல் நலிந்த பிறகு தூக்காதீர்கள், நலியும் முன்னால் தூக்குங்கள்.

அப்படியென்றால் முதல் ஆம்ப்ளிஃபையரையே ஃபுல்லில் வைத்துவிடலாமா?

கூடாது. தாங்கும் அளவுக்கு மேல் தூக்கினால் ஆம்ப்ளிஃபையர் சிக்னலை நெளிக்கும். சேனல்கள் ஒன்றோடு ஒன்று கலந்து, இல்லாத இடங்களில் புதிய அலைகளைப் பிறப்பிக்கும். வெளியீட்டை 1 டிபி ஏற்றினால், சிக்னலுக்கும் மூன்றாம் படி நெளிவுக்கும் உள்ள இடைவெளி 2 டிபி சுருங்கும். அனலாக் காலத்தில் இது படத்தின் குறுக்கே கோடுகளாகத் தெரிந்தது, கண்டுபிடிப்பது சுலபம். டிஜிட்டலில் இரைச்சல் போலவே நடந்துகொள்ளும். அளவு 80 காட்டும், எம்இஆர் 26 காட்டும், படம் உடையும். அந்த நேரத்தில் கெயினை இன்னும் ஏற்றுவதுதான் பலர் செய்வது. இறக்கிப் பாருங்கள். எம்இஆர் ஏறினால் ஆம்ப்ளிஃபையர் திணறிக்கொண்டிருந்தது என்று அர்த்தம்.

உள்ளீடு அதிகமாக இருந்தால் பேட் (எல்லா அதிர்வெண்ணையும் ஒரே அளவு குறைக்கும் சிறு பிளக்-இன்) போட்டுக் குறையுங்கள். பேடும் ஈக்வலைசரும் உள்ளீட்டுப் பக்கம் தேவைக்கு மேல் இருந்தால் இரைச்சல் கணக்கு கெடும் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள்; மிஞ்சியதை ஆம்ப்ளிஃபையருக்குள்ளே இரண்டு பெருக்கும் கட்டங்களுக்கு நடுவே உள்ள இடத்தில் போடும் வசதி நல்ல ஆம்ப்ளிஃபையர்களில் உண்டு.

வரிசையாக எத்தனை வைக்கலாம்?

ஒரே மாதிரி ஆம்ப்ளிஃபையர்களின் எண்ணிக்கை இரட்டிக்கும்போதெல்லாம் இரைச்சலில் 3 டிபியும், மூன்றாம் படி நெளிவில் 6 டிபியும் இழக்கிறோம். கீழே இரைச்சல், மேலே நெளிவு. வரிசை நீள நீள இரண்டுக்கும் நடுவே உள்ள சந்து குறுகிக்கொண்டே வரும். ஹெட்எண்டிலிருந்து (எல்லாச் சேனலையும் திரட்டி அனுப்பும் நிலையம்) ஊர்க்கோடி வரை கோஆக்சியலிலேயே போன காலத்தில் நீண்ட வரிசைகள் இருந்தன. தரமான டிரங்க் ஆம்ப்ளிஃபையரும் கறாரான அளவீடும் இருந்ததால் அவை ஓடின. இன்று நோடுக்குப் பிறகு மூன்று அல்லது நான்குக்கு மேல் போகாதீர்கள் என்பது என் கருத்து. ஐந்தாவது தேவைப்படுகிறது என்றால் அங்கே தேவைப்படுவது இன்னொரு நோட்.

லைன் குட்டையாக இருந்தால்?

டில்ட் எதிர்ப்பக்கம் சாயும், மேல் சேனல்கள் மிகுந்து நிற்கும். கேபிள் சிமுலேட்டர் என்று ஒரு சிறு பிளக்-இன் உண்டு; இல்லாத கேபிளின் இழப்பை அது நடித்துக் காட்டும். நோடுக்குப் பக்கத்து வீட்டில் அதிக வேல்யூ டேப் (வீட்டுக்குக் கூடுதலாகக் குறைத்துக் கொடுப்பது) போட்டாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

காலையில் சரியாக இருக்கும் லைன் மதியம் உடைகிறது. வெயிலா காரணம்?

வெயிலாக இருக்கலாம். செம்பு சூடானால் மின்தடை ஏறும். கேபிளின் இழப்பு ஒரு டிகிரி செல்சியஸுக்கு 0.2 சதவீதம் அளவுக்குக் கூடும். கேட்கச் சின்ன எண்தான். ஆனால் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் கறுப்புக் கேபிள் மே மாத மதியத்தில் காற்றைவிடச் சூடாக இருக்கும். விடியற்காலைக்கும் மதியத்துக்கும் 25 டிகிரி வித்தியாசம் என்று வைத்தால், 26 டிபி இழக்கும் ஒரு கட்டத்தில் 1.3 டிபி கூடுதலாகப் போகும். ஐந்து கட்டம் வரிசையாக இருந்தால் மேல் முனையில் 6.5 டிபி. கீழ் முனையில் இதில் கால்வாசி கூட மாறாது, ஆகவே டில்ட்டும் சேர்ந்தே மாறுகிறது.

இதற்குத்தான் நீண்ட வரிசைகளில் தானியங்கி கெயின் கட்டுப்பாடு உள்ள ஆம்ப்ளிஃபையர் வைக்கிறார்கள். பைலட் என்ற ஒரு குறிப்பு அலையைப் பார்த்து, அது இறங்கினால் கெயினை ஏற்றும், ஏறினால் இறக்கும். வரிசை குட்டையாக இருந்தால் இது தேவையில்லை. கடைசி வீட்டில் 3, 4 டிபி கைவசம் மிச்சம் இருக்கும்படி வைத்தால் போதும். லைனை மதிய வெயிலில் அளந்து செட் செய்வதைவிட, மதியமும் விடியற்காலையும் அளந்து நடுவில் நிறுத்துவது நல்லது.

மழைக்குப் பிறகு வரும் கோளாறு மட்டும் ஏன் இவ்வளவு குழப்புகிறது?

தண்ணீர் ஒரே மாதிரி கெடுப்பதில்லை என்பதால். கனெக்டரின் பின்பக்கம் சரியாக அழுத்தப்படாமல் இருந்தால் அங்கே நுழையும் நீர், பின்னலின் இழைகள் வழியே உள்ளே ஊர்ந்து போகும். வெளியே கனெக்டர் பளபளவென்று இருக்கும். ஒரு விரற்கடை வெட்டிப் பாருங்கள்: அலுமினியப் பின்னல் கறுத்து, தொட்டால் சாம்பல் போல உதிரும். ஃபாயில் ஃபோமை விட்டு உரிந்து நிற்கும். இன்னும் ஒரு முழம் வெட்டினாலும் அப்படியே இருக்கும். வெள்ளி நிறத்தில் பின்னல் தெரியும் இடம் வரை வெட்டிக்கொண்டே போக வேண்டும். அதற்குள் கேபிள் போதாமல் போனால் புதிதாக இழுங்கள், நடுவில் ஜாயிண்ட் போட்டு ஒட்டவைக்காதீர்கள்.

நீர் புகுந்த கேபிளில் மின்மறுப்பு (இம்பீடன்ஸ், இந்த லைன்களில் 75 ஓம் இருக்க வேண்டியது) மாறும், அந்த இடத்தில் சிக்னல் ஒரு பங்கு திரும்பிப் போகும். சில அதிர்வெண்களில் மட்டும் பள்ளம் விழும். நடுவில் இரண்டு சேனல் மட்டும் காணாமல் போவது இப்படித்தான். ஈக்வலைசராலோ ஆம்ப்ளிஃபையராலோ இந்தப் பள்ளத்தை நிரப்ப முடியாது. கம்ப்ரஷன் கனெக்டர் போடுங்கள், வெளியில் உள்ள ஒவ்வொன்றுக்கும் ரப்பர் பூட் அல்லது சீலிங் டேப் போடுங்கள், கனெக்டருக்கு முன்னால் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு விட்டுக் கட்டுங்கள். சொட்டும் நீர் வளைவின் அடியில் விழுந்துவிடும். வடகிழக்குப் பருவமழை தொடங்கும் முன் ஐப்பசிக்குள் இதை ஒரு சுற்று முடித்துவிட்டால், கார்த்திகை முழுக்க ஏணியோடு அலைய வேண்டியிருக்காது.

கடைசி டேப்பில் டெர்மினேட்டர் போடாவிட்டால் என்ன?

போன சிக்னல் திரும்பி வரும். 75 ஓம் லைனின் முனை திறந்து கிடந்தால் சக்தி போக இடமில்லை, முழுவதும் வந்த வழியே எதிரொலிக்கும். எதிரொலியும் புதிதாக வரும் சிக்னலும் கூடும் இடத்தில் மேடு, கழியும் இடத்தில் பள்ளம். டெர்மினேட்டர் என்பது முனையை மூடி அந்தச் சக்தியை விழுங்கிக்கொள்ளும் 75 ஓம் மின்தடை; விலை மிகக் குறைந்த ஒரு சின்ன உருப்படி அது, போட்டுவிடுங்கள். வீட்டுக்குள் ஸ்ப்ளிட்டரில் பயன்படாத முனைக்கும் இதுவே.

50 ஓம் கேபிளை நடுவில் சேர்ப்பதும் இதே வகைதான். ஒரு சந்திப்பில் திரும்புவது 4 சதவீதச் சக்திதான். ஆனால் அந்தத் துண்டுக்கு இரண்டு முனை உண்டு, இரண்டும் சேர்ந்து லைன் முழுக்க அலையடிக்க வைக்கும்.

உள்ளே இரும்பு, மேலே செம்பு பூசிய கம்பி என்கிறார்களே, அது ஏமாற்று வேலையா?

சிக்னலுக்கு ஏமாற்று இல்லை. மின்னோட்டம் மேல் 9 மைக்ரானுக்குள் ஓடுகிறது என்று பார்த்தோம். செம்புப் பூச்சு அதைவிடத் தடிமன் என்றால் உள்ளே இரும்பு இருப்பது சிக்னலுக்குத் தெரியவே தெரியாது. கம்பத்துக்குக் கம்பம் இழுக்க இரும்பின் வலுவும் உதவும். ஆனால் அதே கேபிள் வழியாக ஆம்ப்ளிஃபையருக்கு மின்சாரம் அனுப்புகிறீர்கள் என்றால் கதை மாறும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரம் கம்பி முழுவதையும் பயன்படுத்தும், இரும்பில் வோல்டேஜ் இறங்கும். அங்கே முழுச் செம்பு வேண்டும்.

வீட்டில் மூன்று டிவி. பூஸ்டர் எங்கே வைப்பது?

முதலில் தேவையா என்று பாருங்கள். இரண்டு வழி ஸ்ப்ளிட்டர் 4 டிபி, நான்கு வழி 8 டிபி வரை எடுக்கும். 30 மீட்டர் ஆர்ஜி-6 மேல் முனையில் 6 டிபி. டேப்பிலிருந்து 70 வந்தால், நான்கு வழி ஸ்ப்ளிட்டரும் 30 மீட்டரும் கழிந்து 56 இருக்கும். செட்டாப் பாக்ஸுக்கு அது தாராளம். பூஸ்டர் வேண்டியதுதான் என்றால் ஸ்ப்ளிட்டருக்கு முன்னால், கேபிள் வீட்டுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். டிவிக்குப் பின்னால் வைப்பது மேலே சொன்ன 400 மீட்டர் கணக்கின் குட்டி வடிவம்.

டிடிஎச் டிஷ் மொட்டைமாடியில், டிவி தரைத்தளத்தில். 60 மீட்டர் கேபிள் தாங்குமா?

பெரும்பாலும் தாங்கும். எல்என்பியிலிருந்து (டிஷ்ஷின் முன்னால் சிக்னலை வாங்கிப் பெருக்கும் கருவி) வருவது 950 முதல் 2150 மெகாஹெர்ட்ஸ். மேல் முனையில் ஆர்ஜி-6 100 மீட்டருக்கு 32 டிபி அளவுக்கு எடுக்கும், 60 மீட்டருக்கு 19. எல்என்பியின் கெயின் 50 டிபிக்கு மேல் இருப்பதால் சமாளிக்கலாம். தாண்டினால் லைன் ஆம்ப்ளிஃபையரை டிஷ் பக்கம் வையுங்கள். இன்னொன்று: எல்என்பிக்குப் போகும் 13, 18 வோல்ட்டும் இதே கேபிளில்தான். பாதிச் சேனல் மட்டும் வராவிட்டால் வோல்டேஜ் இறக்கத்தைச் சந்தேகியுங்கள்.

சிசிடிவி கேமராவுக்கும் இதே விதிகளா?

விதி ஒன்றுதான், எண்கள் வேறு. பழைய அனலாக் கேமராவின் சிக்னல் ஏறக்குறைய சுழியத்திலிருந்து தொடங்கி 5, 6 மெகாஹெர்ட்ஸ் வரை போகும். கீழ் முனையில் மின்னோட்டம் கம்பியின் உள்வரை இறங்குவதால் இரும்பு நடுக்கம்பி இங்கே கெடுதல். முழுச் செம்பு வாங்குங்கள். நீளமான லைனில் படம் முழுவதும் தெரியும், ஆனால் விளிம்புகள் மழுங்கும், நிறம் வெளிறும். நுணுக்கமும் நிறமும் மேல் அதிர்வெண்ணில் இருப்பதே காரணம். மேல் முனையை மட்டும் தூக்கிக் கொடுக்கும் வீடியோ ஆம்ப்ளிஃபையர் இதற்கென்றே உண்டு.

ஃபைபர் இல்லாத காலத்தில் ஊர்விட்டு ஊர், கடல் தாண்டி எப்படிக் கொண்டுபோனார்கள்?

இதே கணக்கை வைத்துத்தான், வியக்க வைக்கும் பொறுமையோடு. அமெரிக்காவின் பெல் நிறுவனத்தில் லாய்டு எஸ்பென்ஷீட், ஹெர்மன் அஃபெல் இருவரும் 1929-ல் அகலப் பட்டைக் கோஆக்சியல் முறைக்குக் காப்புரிமை கோரினார்கள். 1941-ல் எல்-1 என்ற தொலைபேசி அமைப்பு வந்தபோது ரிப்பீட்டர்களுக்கு (வழியில் சிக்னலைத் தூக்கிவிடும் ஆம்ப்ளிஃபையர்கள்) இடையே சுமார் 13 கிலோமீட்டர். 1953-ல் எல்-3 வந்தது, இடைவெளி 6.4 கிலோமீட்டர். 1967-ல் எல்-4, 3.2 கிலோமீட்டர். 1974-ல் எல்-5, வெறும் 1.6 கிலோமீட்டர். ஒவ்வொரு முறையும் அதிக அழைப்புகளை ஏற்ற மேல் அதிர்வெண்ணை மூன்று மடங்கு வரை, சில நேரம் அதற்கும் மேலே தள்ளினார்கள். இழப்பு அதன் வர்க்கமூலம் போலக் கூடியது, ஆகவே இடைவெளியைப் பாதியாக்க வேண்டியிருந்தது. நம் தெருக் கம்பத்தில் நடப்பது நாடு தழுவிய அளவில் நடந்திருக்கிறது.

இத்தனை ரிப்பீட்டர் வரிசையாக நின்றும் நெளிவு குவியாமல் இருந்ததற்கு பெல் நிறுவனப் பொறியாளர் ஹரால்டு பிளாக் காரணம். 1927 ஆகஸ்டில் வேலைக்குப் போகும் படகில், கையிலிருந்த செய்தித்தாளில் அவர் வரைந்த யோசனை எதிர்ப் பின்னூட்டம்: வெளியீட்டில் ஒரு பங்கை எதிர்மாறாக உள்ளீட்டுக்குத் திருப்பிக் கொடுத்தால் கெயின் குறையும், ஆனால் நெளிவும் குறையும். கெயினை எளிதில் திரும்பச் சம்பாதிக்கலாம், தூய்மையைச் சம்பாதிக்க முடியாது என்று கண்டதுதான் அவருடைய மேதைமை.

1956-ல் ஸ்காட்லாந்துக்கும் நியூஃபவுண்ட்லாந்துக்கும் நடுவே போட்ட டாட்-1 கடலடிக் கேபிளில் ஒவ்வொரு திசைக்கும் ஒரு கேபிள், ஒவ்வொன்றிலும் 51 ரிப்பீட்டர். உள்ளே வெற்றிடக் குழாய்கள். அவற்றுக்கு வேண்டிய மின்சாரமும் அதே நடுக்கம்பி வழியாகக் கரையிலிருந்து போனது. அட்லாண்டிக்கின் அடியில் ஏணி வைத்து ஏறிப் பார்க்க முடியாது. 1978 வரை உழைத்தது. 1981-ல் சென்னைக்கும் பினாங்குக்கும் இடையே போட்ட ஐயோகாம் கேபிளும் கோஆக்சியல்தான். 1988-ல் டாட்-8 ஃபைபரில் வந்த பிறகு காலம் மாறியது.

எல்லாவற்றையும் ஃபைபராக மாற்றிவிட்டால் என்ன?

முடிந்தால் மாற்றுங்கள். 1550 நானோமீட்டரில் ஃபைபரின் இழப்பு கிலோமீட்டருக்கு 0.25 டிபிக்குள். ஆர்ஜி-11 அதே தூரத்துக்கு மேல் முனையில் 130 டிபி. மேல் சேனல், கீழ்ச் சேனல் என்ற பேதமும் வெயிலின் தொல்லையும் அங்கே இல்லை என்றே சொல்லலாம். செலவு ஒரேயடியாகத் தாங்காது என்றால், நோடை வீடுகளுக்குப் பக்கத்தில் கொண்டுவாருங்கள். 50 வீட்டுக்கு ஒரு சிறு நோட் என்று வைத்தால் பல இடங்களில் ஆம்ப்ளிஃபையரே தேவைப்படாது.

மீட்டரில் எதைப் பார்க்க வேண்டும்?

அளவை மட்டும் பார்த்துவிட்டு இறங்காதீர்கள். மேல் சேனல் ஒன்று, கீழ்ச் சேனல் ஒன்று, நடுவில் ஒன்று எடுத்து அளவும் எம்இஆரும் குறித்துக்கொள்ளுங்கள். 256 குவாமுக்கு வீட்டில் 34 எம்இஆர் இருந்தால் நிம்மதி, 64 குவாமுக்கு 28. அளவு குறைந்து எம்இஆரும் குறைந்தால் இழப்பு. அளவு நன்றாக இருந்து எம்இஆர் மட்டும் குறைந்தால், முன்னால் எங்கோ சிக்னல் நலிந்த பிறகு தூக்கியிருக்கிறார்கள், அல்லது ஒரு ஆம்ப்ளிஃபையர் திணறுகிறது. ஒவ்வொரு ஆம்ப்ளிஃபையரின் மூடிக்குள்ளும் செட் செய்த தேதி, உள்ளீடு, வெளியீடு, போட்ட பேட், ஈக்வலைசர் மதிப்பு எல்லாவற்றையும் மார்க்கரில் எழுதி வையுங்கள். அடுத்து ஏறுகிறவருக்கு எது மாறியிருக்கிறது என்று உடனே தெரியும்.

இதே கேபிளில் இன்டர்நெட்டும் கொடுக்கிறோம். வீட்டிலிருந்து நோடுக்குத் திரும்பும் பாதைக்கும் இழப்பு உண்டா?

உண்டு, ஆனால் 5 முதல் 65 மெகாஹெர்ட்ஸுக்குள் நடப்பதால் இழப்பு அங்கே பெரிய பிரச்சினை இல்லை. இரைச்சல்தான் பிரச்சினை. எல்லா வீட்டு இரைச்சலும் ஒரே நோடில் வந்து குவிகிறது. ஒரு வீட்டில் தளர்ந்த கனெக்டர் இருந்தால் தெரு முழுக்க நெட் தடுமாறும். வீடு வீடாகப் பிரித்துப் பார்ப்பதைவிட, டேப் டேப்பாகக் கழற்றி நோடில் இரைச்சல் இறங்குகிறதா என்று பாருங்கள். இறங்கிய டேப்பில் உள்ள வீடுகளை மட்டும் அப்புறம் ஒவ்வொன்றாகத் தேடினால் போதும்.